மழைக்கோட்டின் ஆயுள்

ஹைதராபாத் நகரத்தின் எல்லையைக் கடந்து எத்திசையில் சென்றாலும் பாறைக் குன்றுகளும், முட்புதர் அடர்ந்த மேய்ச்சல் நிலங்களும் கண்ணில் படும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்களில் அந்நிலங்களில் ஆடு மேய்க்கும் இடையர், முன்போல் மிகுதியாக அல்லாவிடினும் இன்றும் சிலர், கரிய கம்பளி ஒன்றைத் தலைமேல் கூம்பு வடிவாக மடித்துப் போர்த்துக்கொண்டு மழையில் நிற்பதைக் காணலாம். தெலுங்கு மக்கள் இதனைக் கொங்கடி என்பர். நம் ஊர்களில் நாற்று நடும் பெண்கள் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியை இது வடிவில் ஒத்திருக்கும்.

தக்காணத்துச் செம்மறியாட்டின் முரட்டு உரோமத்தைக் கையால் நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழைப் பசையாக ஏற்றி, குழித்தறியில் கொங்கடியை நெய்கின்றனர். மழையில் அது கனக்கும். நெடுநேரம் பெய்தால் நனைந்தும் போகும். ஆயினும் பல ஆண்டுகள் உழைக்கும். அதே மேய்ச்சல் நிலத்திற்கு ஜீப்பில் வந்து இறங்கும் சர்வே ஊழியரின் புத்தம் புதிய மழைக்கோட்டோ ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடாது. முதல் ஆண்டில் அவர் இடையரைப் பார்த்து இரக்கங்கொள்ளக்கூடும். மூன்றாம் ஆண்டில் அவருடைய தோள்கள் நனையும்; நான்காம் ஆண்டில் கோட்டின் உட்புறம் செதில் செதிலாக உதிரும். விலை உயர்ந்ததும், விஞ்ஞான முறையில் ஆக்கப்பட்டதுமான ஓர் ஆடை இவ்வளவு விரைவில் ஏன் கெடுகிறது? கெடுமா, கெடாதா என்பதை வாங்கும் முன்னரே அறிய வழியுண்டா? இவ்விரு கேள்விகளையும் இங்கு ஆராய்வோம்.

ஹைதராபாத் இக்கேள்விகளுக்குப் பொருத்தமான ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பயிற்சி நிலையமும், சர்வே ஆப் இந்தியாவின் பயிற்சி நிலையமும் இங்கு உள்ளன. 1961இல் நிறுவப்பட்ட தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சிக் கழகமும் இங்கேயே இருக்கிறது. இந்நிலையங்களில் பயிலுவோரும் பணிபுரிவோரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், அஸ்ஸாமுக்கும், இமயத்திற்கும் பணிமேற் செல்பவர்கள். ஆனால் ஹைதராபாத்தில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெய்துவிடும். மற்ற எட்டு மாதங்களும் கோட்டு இரும்புப் பெட்டிக்குள்ளோ, கிடங்கின் அலமாரியிலோ மடிந்து கிடக்கும். மே மாதத்தில் வெளியே நிழலின் உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது, ஓட்டுக்கூரையின் கீழுள்ள பெட்டிக்குள் அதனினும் அதிகமாயிருக்கும். மழைக்கோட்டு மழையில் கெடுவதைவிட மழையில்லாத இம்மாதங்களில் கெடுவதே மிகுதி என்பது பலர் கவனிக்காத உண்மை.

நீர் ஒட்டாமையும் நீர் புகாமையும்

பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கிறோம். சேம்பின் இலையில் விழுந்த நீர் முத்துப்போல் திரண்டு உருண்டோடுகிறது. இது நீர் ஒட்டாமை. சைக்கிள் டியூபுக்குள் நீர் நுழைவதில்லை; இது நீர் புகாமை. டியூபின் மேற்பரப்பு நனையும், ஆனால் நீர் அதனை ஊடுருவாது. நல்ல மழைக்கோட்டில் இரு குணங்களும் வெவ்வேறு அடுக்குகளில் அமைக்கப்பட்டிருக்கின்றன. வெளித்துணியின் இழைகளின்மீது நீர் ஒட்டாத மருந்து ஏற்றப்படுகிறது. துணியின் உட்புறத்தில் நீர் புகாத பூச்சு பூசப்படுகிறது, அல்லது மெல்லிய படலம் ஒட்டப்படுகிறது. இவ்விரண்டும் கெடும் முறைகள் வேறு. சோதிக்கும் முறைகளும் வேறு.

நீர் ஒட்டாமைக்குக் காரணம் பரப்பு இழுவிசை. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகக் கவர்ந்துகொள்வன. தாம் தொடும் பரப்பு அதைவிட வலுவாகத் தம்மைக் கவர்ந்தாலன்றி அவை அப்பரப்பின்மீது பரவமாட்டா. பருத்தி இழை நீரை வலுவாகக் கவரும், மெழுகு கவராது, புளோரின் அணுக்கள் வரிசையாக நிற்கும் பரப்பு மெழுகைவிடவும் குறைவாகவே கவரும். ஆட்டு உரோமத்தின்மீது இயற்கையாகப் படிந்துள்ள கொழுப்பும் மெழுகின் வேலையையே செய்கிறது. உரோமத்திற்கு மற்றொரு விசேஷமும் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உறிஞ்சிக்கொண்ட பின்னும் தொட்டால் அது ஈரமாகத் தோன்றாது. கொங்கடியின் இரகசியம் இவ்வளவே. அதில் நீர் புகாத அடுக்கு என்று ஒன்று இல்லை. ஆகவே உரிந்து விழவும் ஒன்றுமில்லை.

மருந்து ஏற்றிய துணியில் மருந்து தேய்ந்துபோனால் என்ன நேரும்? கோட்டு உடனே ஒழுகிவிடாது. வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கும், குளிர்ந்து போகும், உள்ளிருந்து வரும் வியர்வையின் ஆவி வெளியேற இயலாமல் உட்பரப்பில் நீராகப் படியும். அணிந்திருப்பவர் "கோட்டு ஒழுகுகிறது" என்பார். பரிசோதனைச்சாலையில் அளந்தால் ஒழுக்கே இராது. களப்பணியாளரின் புகார்களில் ஒரு பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய கோட்டை நன்கு அலசி, சோப்பின் மிச்சத்தை அறவே நீக்கி, உலர்த்தியபின், உள்ளே தைத்துள்ள சீட்டில் அனுமதி இருப்பின், மெல்லிய துணியை மேலே பரப்பி மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மருந்தின் மூலக்கூறுகள் மீண்டும் நிமிர்ந்து ஓரளவு பயன் தரும். ரப்பர் கோட்டையும் பி.வி.ஸி. கோட்டையும் மட்டும் இஸ்திரிப் பெட்டியின் அருகே கொண்டுசெல்லலாகாது.

புளோரின் மருந்துகளைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீரோடு எண்ணெயையும் விலக்கவல்லவை அவை ஒன்றே. ஆனால் அவற்றிற் சில மண்ணிலும் நீரிலும் உயிர்களின் உடலிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன என்பது தெரியவந்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் 2009இல் ஒருவகையும் 2019இல் மற்றொரு வகையும் உலகளாவிய கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இன்று பல கோட்டுகளில் புளோரின் இல்லாத மருந்துகளே உள்ளன. அவை நீரை நன்கு விலக்கும். டீஸலையும் தலை எண்ணெயையும் விலக்கமாட்டா. எண்ணெய் பட்ட இடத்தில் நீரும் ஒட்டும். ஆகவே இக்கோட்டுகளின் காலரையும் கைம்முனைகளையும் அடிக்கடி கழுவுதல் அவசியமாகிறது.

ரப்பரிலிருந்து பாலியுரிதேன் வரை

நீர் புகாத அடுக்கின் வரலாறு நீண்டது, சுருக்கமாகவே கூறுவோம். 1823இல் கிளாஸ்கோ நகரத்து இரசாயனியான சார்லஸ் மாக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். அக்கோட்டு குளிரில் பலகைபோல் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. தையற்காரரின் ஊசித் துளைகளின் வழியே நீரும் புகுந்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் விறைப்பும் பிசுபிசுப்பும் நீங்குவதைக் கண்டார். நம் நாட்டில் இத்தொழிலை நிலைநாட்டியவர் சுரேந்திர மோகன் போஸ். 1920இல் வங்காளத்தில் அவர் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூப் தொழிற்சாலையின் 'டக்பேக்' மழைக்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் போர்வீரர் வரை அணிந்தனர்.

இரண்டாம் உலகப்போரின்போது மாஞ்செஸ்டரிலுள்ள ஷர்லி ஆராய்ச்சி நிலையத்தினர் வேறொரு வழி கண்டனர். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து, பூச்சு எதுவுமின்றியே, நனைந்ததும் இழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும் துணியை விமானிகளுக்காக ஆக்கினர். கொங்கடியின் தத்துவத்தைப் பரிசோதனைச்சாலை எட்டிப் பிடித்தது என்று இதனைச் சொல்லலாம். 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், டெப்லான் என்னும் பொருளைச் சட்டென இழுத்து நீட்டி, கோடிக்கணக்கான நுண்துளைகளுள்ள படலத்தைப் பெற்றார். நீர்த்துளி அதன் வழியே நுழைய முடியாது, நீராவி நுழையும். அப்படலத்தின் தொடக்ககாலக் கோட்டுகள் வேறு காரணத்தால் ஒழுகின. உடம்பின் எண்ணெயும் வியர்வையும் துளைகளுக்குள் படிந்து நீருக்கு வழிகாட்டின. பின்னர் படலத்தின் உட்புறம் மெல்லிய பாலியுரிதேன் பூச்சைக் கொடுத்தே இக்குறை நீக்கப்பட்டது.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இருவகை. மலிவானவை பி.வி.ஸி. பூசியவை. எடை குறைந்தவையும் விலை கூடியவையும் நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின்மீது பாலியுரிதேன் பூசியவை.

பூச்சு எவ்வாறு சாகிறது?

ரப்பருக்குப் பகை காற்றிலுள்ள ஓஸோனும் ஆக்ஸிஜனும், சூரிய ஒளியும். செம்பு, மாங்கனீஸ் ஆகிய உலோகங்கள் சிறிதளவு கலந்திருப்பினும் ரப்பர் விரைந்து மூப்படையும். சில சாயங்களில் செம்பு இருப்பதால், ரப்பர் பூசும் துணியின் சாயத்தைக்கூடச் சோதித்தே எடுக்க வேண்டும். பி.வி.ஸி.யோ இயல்பில் கடினமான பொருள். அதனை வளையச் செய்வது அதனுள் கலந்துள்ள எண்ணெய் போன்ற மென்மையூட்டி. உஷ்ணத்தில் இது சிறிது சிறிதாக வெளியேறும்; பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பையிலும் ஊறும். இரு கோடைகள் கழிந்தபின் கோட்டு விறைத்து, மடித்த கோட்டிலேயே வெடிப்பது இதனாலேயே.

பாலியுரிதேனின் கதை சற்று நுட்பமானது. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பாயர் கண்டுபிடித்த இப்பொருள் ஒரே பொருளன்று, ஒரு குடும்பம். அதன் நீண்ட மூலக்கூறில் நெகிழும் பகுதிகளும் இறுகிய பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. நெகிழும் பகுதியை எஸ்டர் பிணைப்புகளால் ஆக்கினால் பூச்சு வலிமையாகவும் மலிவாகவும் அமையும். ஆனால் எஸ்டர் பிணைப்பை நீரின் மூலக்கூறு வெட்டவல்லது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெட்டப்பட்ட இடத்தில் ஓர் அமிலம் தோன்றுகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு வெட்டப்படுவதை விரைவுபடுத்துகிறது. ஆகவே தொடக்கத்தில் மாதக்கணக்காக மாற்றமேதும் தெரியாது. பின்னர் சில வாரங்களிலேயே பூச்சு பிசுபிசுத்து, நாறி, உரிந்துவிடும். மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றிலுள்ள ஈரமும் உஷ்ணமுமே போதும்.

இதனை எழுதுபவரிடமும் அத்தகைய கோட்டு ஒன்று இருந்தது. அக்டோபரில் அவசரமாக, முற்றும் உலராத நிலையில், மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தது. இரு முறைகூட அணியாத ஆண்டு அது. அடுத்த ஜூனில் திறந்தபோது வெள்ளிநிற உட்பூச்சு மீன்செதிலைப்போல் உரிந்து கைகளில் ஒட்டிக்கொண்டது. குற்றம் கோட்டுடையது பாதி, வைத்தவருடையது பாதி.

நெகிழும் பகுதியை ஈதர் பிணைப்புகளால் ஆக்கினால் நீர் அதனை வெட்டாது. ஆனால் ஒளியும் ஆக்ஸிஜனும் தாக்கும். கார்பனேட் பிணைப்புகளால் ஆக்கினால் இரண்டையும் நன்கு தாங்கும்; விலைதான் ஏறும். ஆகவே 'பாலியுரிதேன் பூசியது' என்று மட்டும் விலைப்பட்டியலில் கண்டால், கோட்டு இரண்டாண்டு உழைக்குமா, பத்தாண்டு உழைக்குமா என்பது அதிலிருந்து தெரியாது. பாலிமர்களையும் மேற்பூச்சுகளையும் ஆராயும் பெரிய நிலையம் ஒன்று ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 1944இல் ஹைதராபாத் சமஸ்தானம் தொடங்கிய ஆராய்ச்சிச்சாலைகள், 1956இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொறுப்பில் வந்து, வட்டார ஆராய்ச்சிச்சாலை எனப் பெயர் பெற்றன. 1989 முதல் அது இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என வழங்குகிறது. பாலியுரிதேன் பூச்சுகளின் அமைப்புக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு அங்கு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பொருள்களில் ஒன்று.

பூச்சு நன்றாயிருந்தும் தையல் கெட்டால் கோட்டு பயனற்றுப்போம். ஒரு சென்டிமீட்டருக்கு 4 தையல் வீதம் கணக்கிட்டால் ஒரு மீட்டர் நீளத்தில் 400 துளைகள். இரட்டைத் தையலாயின் 800. இத்துளைகளை மூட உட்புறம் ஒரு நாடாவை வெப்பக்காற்றால் ஒட்டுகின்றனர். நாடாவின் பசை பூச்சோடு இணங்காவிடில் சில சலவைகளிலேயே ஓரம் கிளம்பும். கோட்டை வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பி, அக்குளிலும் தலைமூடி சேருமிடத்திலும், அதாவது மூன்று தையல்கள் கூடும் இடங்களில், நாடாவை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அழுத்தத்தைப்பற்றி ஒரு கணக்கு

நீர் புகாமையை நீர்க்கம்பத்தின் உயரத்தால் அளப்பது மரபு. துணியின்மீது நீரை நிறுத்தி, உயரத்தை ஒரே வேகத்தில் ஏற்றிக்கொண்டே போவர். துணியின் மறுபக்கத்தில் மூன்று இடங்களில் துளி அரும்பும்போது இருந்த உயரமே அத்துணியின் அளவு. சோதிக்கும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். சோதனையறையின் உஷ்ணநிலை ஐரோப்பாவில் 20 டிகிரி. நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் 27 டிகிரி.

எவ்வளவு உயரம் தாங்கினால் போதும்? களப்பணியாளரை வைத்தே கணக்கிடுவோம். ஒருவர் 10 கிலோகிராம் பையை இரு வார்களால் தோளில் சுமக்கிறார். ஒவ்வொரு வாரும் 5 சென்டிமீட்டர் அகலமும், தோளில் பதியும் நீளம் 15 சென்டிமீட்டருமாயின் இரண்டும் சேர்ந்து 150 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்பது 10 மீட்டர் நீர்க்கம்பத்திற்குச் சமம். ஆகவே வார் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் நீருக்குச் சமமாகிறது. அதே மனிதர் 60 கிலோகிராம் எடையுள்ளவர். பாறையைப் பரிசோதிக்க ஈரமண்ணில் இரு முழங்கால்களையும் ஊன்றுகிறார். அங்கும் 150 சதுர சென்டிமீட்டரே மண்ணிற் பதிவதாகவும், எடை முழுவதும் முழங்கால்களிலேயே இறங்குவதாகவும் கொண்டால், அழுத்தம் 4 மீட்டர் நீருக்குச் சமம். தோளும் முழங்காலும் முதலில் நனைவதேன் என்பது இப்போது விளங்கும். கோட்டின் சீட்டில் காணும் எண்ணைப் படிக்கும்போது இவ்விரு எண்களையும் மனத்திற் கொள்ளலாம்.

புதிய துணியின் எண் போதாது

புதிய துணி 2 மீட்டர் தாங்குகிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் நாம் அறிய வேண்டுவது மூன்றாம் ஆண்டில் எவ்வளவு தாங்கும் என்பதே. ஆகவே முதலில் துணியை வேண்டுமென்றே வருத்தி, அதன்பின் அளக்கும் முறை தோன்றியது. மழையாடைகளுக்கான ஐரோப்பிய நியமம் 343 இதற்கு நல்ல உதாரணம். அந்நியமத்தின் முதல் வகுப்பில் துணி புதிதாயிருக்கும்போது மட்டும் 8,000 பாஸ்கல், அதாவது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீர், தாங்கினால் போதும். இரண்டாம் வகுப்பில் அதே 8,000 பாஸ்கலைச் சலவை, உராய்வு, மடிப்பு, எரிபொருள் மற்றும் எண்ணெய் ஆகியவற்றால் வருந்தியபின் தாங்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு, வருந்தியபின், 13,000. 2019இல் சேர்க்கப்பட்ட நான்காம் வகுப்புக்கு 20,000. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எண் ஒன்றே. வேற்றுமை முழுவதும் எப்போது அளந்தார்கள் என்பதில் இருக்கிறது.

துணியை வருத்தும் கருவிகள் பல. உராய்வுக்கு மார்ட்டிண்டேல் கருவி. வட்டமாக வெட்டிய துணித்துண்டு, முரட்டு ஆட்டுரோமத் துணியின்மீது, குறிப்பிட்ட பாரத்தின் கீழ், நேராகவும் நீள்வட்டமாகவும் வளைந்து வளைந்து தேய்கிறது. ஒரே திசையில் தேய்த்தால் இழைகள் ஒருபுறமாகச் சாய்ந்து தப்பிவிடும் என்பதாலேயே இவ்வமைப்பு. மடிப்புக்கு, துணியை உருளைபோல் சுற்றி இருமுனைகளையும் பிடித்து, முறுக்கியும் அமுக்கியும் ஆயிரக்கணக்கான தடவை இயக்கும் பொறி உண்டு. முழங்கையின் உட்புறத்தில் ஒரு பருவகாலம் முழுதும் நிகழ்வதை அது சில மணி நேரத்தில் நிகழ்த்திவிடும். ஒளிக்குச் சூரியனை ஒத்த ஸெனான் விளக்கு பயன்படுகிறது.

நீராற்பகுப்பைக் கண்டறிய வேறொரு சோதனை இருக்கிறது. ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் மிகவும் வேண்டியது இதுவே என்பது என் கருத்து. பூச்சுத்துணியை 70 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாத ஈரப்பதமும் கொண்ட பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து, பின்னர் அதன் வலிமையையும் நீர் புகாமையையும் அளக்கின்றனர். 10 டிகிரி ஏறினால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பழைய விதி. 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் இடையே இத்தகைய நான்கு படிகள் உள்ளன. ஆகவே வேகம் 16 மடங்கு. பெட்டியில் கழியும் ஒரு வாரம் அலமாரியில் கழியும் நான்கு மாதத்திற்குச் சிறிது குறைவு. பெட்டியில் பத்து வாரம் தாக்குப்பிடித்த பூச்சு, நம் கிடங்கில் மூன்றாண்டுகளாவது தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது தோராயமான கணக்கேயாகும். ஆயினும் விலைப்பட்டியலின் வர்ணனைகளைவிட நம்பத்தக்கது.

நீர் ஒட்டாமைக்குத் தெளிப்புச் சோதனை போதும். துணியை வளையத்தில் இழுத்துக் கட்டி, 45 டிகிரி சாய்வில் வைத்து, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லிலிட்டர் நீரைத் துளைகளுள்ள மூக்கின் வழியே அரை நிமிடத்திற்குள் பொழிய வேண்டும். பின்னர் துணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் ஈரத்தைப் படங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகின்றனர். மழையையே ஒப்பனையாகப் பெய்விக்கும் பண்டெஸ்மான் கருவியும் உண்டு. அதில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி வினாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகமே பெறும். இயற்கை மழையின் பெருந்துளியோ 9 மீட்டர் வேகத்தில் வரும். அக்குறையை ஈடுசெய்ய, துளிகளை மிக நெருக்கமாகப் பொழிவித்து, துணியின் அடிப்பக்கத்தைச் சுழலும் தேய்ப்பானால் தேய்த்துக்கொண்டும் இருப்பர். முழு ஆடையையும் பொம்மைக்கு அணிவித்துப் பல மீட்டர் உயரத்திலிருந்து மழை பெய்விக்கும் கோபுரங்களும் சில நாடுகளில் இருக்கின்றன. துணியும் தையலும் தனித்தனியே தேறியபின், பித்தான் வரிசையிலும் கழுத்திலும் நீர் புகுவது அங்குதான் வெளிப்படும்.

பள்ளியில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றுள் இரண்டை உயர்நிலைப் பள்ளியில் எளிதாகச் செய்து காட்டலாம். பழைய மழைக்கோட்டு ஒன்றும், புதியதன் சிறு துண்டு ஒன்றும், ஒரு துண்டுக் கம்பளியும் வேண்டும். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் துல்லியமான கருவிகள் உண்டு. நமக்குத் தத்துவம் விளங்கினால் போதும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் நீர்க்குழாயின் ஒரு முனையில் துணியை வைத்து, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையத்தால் இறுகக் கட்டுக. பூச்சு எப்பக்கம் என்பதைக் கவனித்து, மழை படும் வெளிப்பக்கம் நீரை நோக்கியிருக்குமாறு அமைக்க வேண்டும். குழாயை நிறுத்திப் பிடித்து, நீரை மெல்ல ஊற்றி, பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி அடிப்புறத்தைப் பார்க்கச் சொல்லுக. பழைய கோட்டின் முழங்கைப் பகுதியையும் முதுகுப் பகுதியையும் தனித்தனியே சோதித்தால், ஒரே கோட்டில் இரு வேறு எண்கள் வருவதை மாணவர்களே காண்பார்கள். குழாயின் விட்டத்தை மாற்றியும் செய்யலாம். உயரம் மாறாதவரை அழுத்தம் மாறாது என்னும் பாடம் அதில் அடங்கியிருக்கிறது. கம்பளியில் சில சென்டிமீட்டர் உயரத்திலேயே நீர் ஒழுகிவிடும். பூத்தையல் வளையத்தில் அதே கம்பளியைக் கட்டிப் பூவாளியால் நீர் தெளித்தாலோ, பழைய கோட்டைக் காட்டிலும் அது நன்றாகவே நீரை விலக்கக்கூடும். இரு சோதனைகளும் வெவ்வேறு குணங்களை அளக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

கிடங்குப் பொறுப்பாளர்களுக்குச் சில குறிப்புகள். பருவம் முடிந்ததும் கோட்டுகளைக் கழுவி, வெயிலில் அல்லாது நிழலில், உட்புறம் வெளியாகத் திருப்பி, இரண்டு நாளாவது உலரவிட வேண்டும். மடித்து அடுக்குவதைவிட அகன்ற தாங்கியில் தொங்கவிடுவது மேல். இடமில்லையெனில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வைக்கலாம். மாதம் ஒருமுறை சுருளைப் பிரித்துக் காற்றாட விட்டு, வேறு விதமாகச் சுருட்டுதல் நலம். ரப்பர் கோட்டுக்கும், பி.வி.ஸி. கோட்டுக்கும் இடையே தாளாவது துணியாவது இருக்கட்டும். கூரையை ஒட்டிய மேல் அலமாரி வேண்டாம். தரைக்கு அருகிலுள்ள தட்டில் உஷ்ணம் குறைவு. கொசுவை விரட்டப் பூசிக்கொள்ளும் டீட் கலந்த தைலம் பலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கவல்லது. கையில் அது உலர்ந்த பின்னரே கோட்டைத் தொட வேண்டும்.

அடுத்த கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது நீர்க்கம்ப எண்ணோடு மேலும் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கலாம். அவ்வெண் சலவைக்கும் மடிப்புக்கும் பின்னர் எடுத்ததா என்பது ஒன்று. பாலியுரிதேனாயின் எஸ்டரா, ஈதரா, கார்பனேட்டா என்பது மற்றொன்று. 70 டிகிரி ஈரப்பெட்டியில் எத்தனை வாரம் வைத்துச் சோதித்தார்கள் என்பது மூன்றாவது. கோட்டு வந்து சேர்ந்த நாளைத் துணிச்சீட்டில் அழியாத மையால் எழுதித் தைத்துவிட்டால், எந்த ஆண்டில் எந்தப் பூச்சு உரிந்தது என்ற கணக்கு நம் கிடங்கிலிருந்தே கிடைக்கும்.